சல்லடையில் நிற்காத சொற்கள்

இத்தாலிய மொழியைப் பற்றி உலகெங்கும் ஒரு கதை நிலைபெற்றுவிட்டது. லத்தீனுக்குப் பிறந்த பிள்ளைகளிலேயே தாயின் முகம் மாறாத பிள்ளை அதுதானாம். ரோமப் பேரரசு சரிந்த பிறகும் அந்த மண்ணில் அதே சொற்கள் கொஞ்சம் தேய்ந்தும் கொஞ்சம் குழைந்தும் வாய்வழியாக வந்துகொண்டே இருந்தனவாம். பிறகு தாந்தே பிறந்து, ஃபுளோரன்ஸ் நகரத்துப் பேச்சை எடுத்து, ஒரே காவியத்தால் அதை ஒரு நாட்டின் மொழியாக்கிவிட்டார். அதன்பின் எழுநூறு ஆண்டுகள் சொல்வளம் கெடாமல் இருந்தது. இன்று ஆங்கிலம் நுழைந்து கெடுக்கிறது. இதுதான் கதை.

பாடப்புத்தகத்தோடும் சுற்றுலாக் கையேட்டோடும் இது நின்றிருந்தால் விட்டுவிடலாம். நாடாளுமன்றம் வரை போயிருக்கிறது. 2022 டிசம்பரில் ஃபாபியோ ராம்பெல்லி என்ற ஆளுங்கட்சி உறுப்பினர் ஒரு மசோதாவை முன்வைத்தார். அரசுத் தொடர்புகளில் அயல்மொழிச் சொல்லைப் புழங்கினால் 5,000 யூரோவிலிருந்து 1,00,000 யூரோ வரை அபராதம் விதிக்கலாம் என்றது அது. மசோதாவின் கதி என்ன ஆனது என்பதைவிட அதற்கு அடியில் கிடக்கும் நம்பிக்கைதான் எனக்கு முக்கியம். இத்தாலியத்துக்கென்று ஒரு சொந்த முதல் இருக்கிறது, மற்றதெல்லாம் அதன்மேல் படிந்த அழுக்கு என்ற நம்பிக்கை அது. அந்த மொழியின் சொல் வரலாற்றை எந்த இடத்தில் தோண்டினாலும் அந்த நம்பிக்கை பொய்யாகிறது.

உடம்பிலிருந்தே தொடங்குகிறேன். எந்தச் சொல் மாறினாலும் உடல் உறுப்புகளின் பெயர் மாறாது, அது தாய்மடியில் கற்றது, அங்கே கடனுக்கு இடமில்லை என்று பலரும் நினைக்கிறார்கள். இத்தாலியர் கன்னத்துக்குச் சொல்வது குவான்ச்சா. முதுகு ஸ்கியேனா. மண்ணீரல் மில்ட்ஸா. முழங்காலுக்குக் கீழே இருக்கும் கால் முன்னெலும்பு ஸ்திங்கோ. விரல் முட்டி நொக்கா. இடுப்பு ஆங்கா. இவற்றில் ஒன்றுகூட லத்தீன் இல்லை. எல்லாம் ஜெர்மானியச் சொற்கள். லத்தீனில் சொல் இல்லாமலும் இல்லை. கன்னத்துக்கு கேனா இருந்தது, முதுகுக்கு தெர்கும் இருந்தது, மண்ணீரலுக்கு லியேன் இருந்தது. அவை போய்விட்டன, இவை நின்றுவிட்டன.

கி.பி. 568-இல் ஆல்போயின் என்ற அரசனின் தலைமையில் லாங்கோபார்துகள் என்ற ஜெர்மானிய மக்கள் ஆல்ப்ஸ் மலையைக் கடந்து இத்தாலிக்குள் இறங்கினார்கள். பாவியாவைத் தலைநகராக்கிக்கொண்டு, 774-இல் சார்லமேன் வந்து முடிவு கட்டும்வரை இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆண்டார்கள். (நமக்குச் சதுரகராதி தந்த வீரமாமுனிவர் பிறந்த லொம்பார்தி, இவர்களுடைய பெயரைத் தாங்கிய நிலம்தான்.) தூய்மைவாதிகள் இந்த இடத்தில் ஒரு சமாதானம் சொல்வார்கள். வென்றவன் அதிகாரத்தால் திணித்த சொற்கள் இவை, விரும்பி எடுத்தவை அல்ல என்பார்கள். நடந்தது நேர்மாறு. 643-இல் ரோத்தாரி மன்னன் தன் இனத்தாரின் வழக்கங்களைச் சட்டமாகத் தொகுத்தபோது அதை லத்தீனில்தான் எழுதவைத்தான். அரசாங்கத்தின் ஏட்டில் லத்தீன் உட்கார்ந்திருந்தது. லாங்கோபார்துச் சொற்கள் ஏறிவந்த வழி அடுப்படியும் தொழுவமும் படுக்கையறையும். தலையணை உறைக்கு ஃபேதெரா, குறட்டை விடுவதற்கு ருஸ்ஸாரே, நகத்தால் கீறுவதற்கு கிராஃபியாரே, வேடிக்கையாகப் பேசுவதற்கு ஸ்கெர்ட்ஸாரே. எந்த மன்னன் கட்டளையிட்டு ஒரு ஊர் குறட்டைக்குப் பெயர் மாற்றும்? கலந்து வாழ்ந்தவர்கள், பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள், ஒரே கூரையின் கீழ் பிள்ளை வளர்த்தவர்கள் பரிமாறிக்கொண்ட சொற்கள் இவை.

ஒரு சொல்லை மட்டும் கொஞ்சம் அருகில் வைத்துப் பார்க்கலாம். உட்காரும் மரப் பலகைக்கு ஜெர்மானியத்தில் ஒரு பெயர் இருந்தது. தெற்கு ஜெர்மானிய வழக்குகளில் சொல்லின் முதலெழுத்து இறுகி ஒலித்தது. லாங்கோபார்துகளும் அப்படியே பேசினார்கள். அவர்கள் வாயிலிருந்து வந்தது பாங்கா. ‘பல்’ என்பதில் வரும் பகரம். இன்றும் உட்காரும் நீளப் பலகைக்கு இத்தாலியில் அதுதான் பெயர். வேறு ஜெர்மானியர் வழியாக அதே சொல் இறுகாத ஒலியோடும் வந்தது. அதுவும் பாங்காதான், ஆனால் ‘பஸ்’ என்பதில் வரும் பகரம். காசு மாற்றுவோர் தெருவில் போட்டு உட்கார்ந்த மேசைக்கு அந்தப் பெயர். அந்த மேசையிலிருந்துதான் உலகத்தின் பேங்க் எல்லாம் கிளம்பின. இத்தாலி உலகுக்குக் கொடுத்த சொற்களில் மிகப் பெரியது எது என்று கேட்டால் பலரும் இதைத்தான் சொல்வார்கள். அது இத்தாலிக்குள் இரண்டு வாசல் வழியாக வந்த அயல்மொழிச் சொல்.

போருக்கு லத்தீனில் பெல்லும். அழகு என்பதற்கான பெல்லோவோடு அது ஒலியில் மோதியதும் அது மறைய ஒரு காரணம் என்று மொழியியலார் விளக்குகிறார்கள். அந்த இடத்தில் ஏறியது ஜெர்மானிய குவெர்ரா. வெள்ளைக்கு லத்தீனில் ஆல்புஸ். விடியலைக் குறிக்கும் ஆல்பாவில் அதன் நிழல் மட்டும் மிஞ்சியது; வெள்ளை நிறமே ஜெர்மானிய பியாங்கோ ஆகிவிட்டது. பழுப்பு, சாம்பல், பொன்முடி ஆகியவற்றுக்கான புரூனோ, கிரிஜோ, பியோந்தோ மூன்றும் அப்படியே. நீலத்துக்கான அத்ஸுர்ரோ பாரசீகத்தில் கிளம்பி அரபு வழியாக வந்தது. தேசியக் கொடியின் நடுப்பட்டையின் நிறம் ஜெர்மானியச் சொல், தேசியக் கால்பந்து அணியை மக்கள் அழைக்கும் பெயர் பாரசீகச் சொல். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இதை மறைத்துவிட்டுத் தூய்மை பேசுவதுதான் தவறு.

சாப்பாட்டுக்கு வருவோம், இத்தாலியர் மிகவும் பெருமைப்படும் இடம் அது. சாப்பிடுவது என்பதற்கு லத்தீன் பேச்சுவழக்கில் மாந்துகாரே என்ற வினை இருந்தது. அந்த மண்ணிலேயே அது மனிகாரே என்றும் வளர்ந்தது. தாந்தேயின் காவியத்தில் ‘நரகம்’ பகுதி முடியும் தறுவாயில் வரும் பாடல்களில் இந்த இரண்டு வடிவங்களையும் பார்க்கலாம். இன்று எந்த இத்தாலியக் குழந்தையும் அவற்றைச் சொல்வதில்லை. சொல்வது மஞ்ஜாரே. அது பிரெஞ்சிலிருந்து வந்த வடிவம். அதாவது, சொந்த வீட்டில் பிறந்து வளர்ந்து தாந்தேயாலும் ஆளப்பட்ட வினை ஒதுங்கிக்கொள்ள, வெளியூரிலிருந்து வந்த வினை பந்தியில் உட்கார்ந்தது. பாலாடைக்கட்டிக்கும் இதே கதி. லத்தீன் வாரிசான காச்சோ இன்னும் சில வட்டாரங்களிலும் சில வகைகளின் பெயரிலும் உயிரோடு இருக்கிறது. ஆனால் பொதுப்பெயர் ஃபொர்மாஜ்ஜோ, பிரெஞ்சிலிருந்து பெற்றது. பொக்காச்சோவின் ‘தெக்கமெரோன்’ கதை ஒன்றில், துருவிய பார்மாப் பாலாடைக்கட்டியாலேயே ஆன மலை ஒன்று வருகிறது. பதினான்காம் நூற்றாண்டின் நடுவிலேயே அங்கே அவர் எழுதியது ஃபொர்மாஜ்ஜோ என்றுதான்.

இந்தப் பிரெஞ்சு வரவைத் தனிச்சொற்களின் வரவாக மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும். ஒரு விகுதியே வந்தது. லத்தீனின் ஒரு விகுதி இத்தாலிய மண்ணில் இயல்பாக வளர்ந்தபோது -ஆத்திகோ என்று நின்றது. காட்டுத்தன்மையைக் குறிக்கும் செல்வாத்திகோ அதற்குச் சான்று. அதே விகுதி பிரான்ஸில் உருமாறி -ஆஜ்ஜோ என்று திரும்பி வந்து, பயணத்துக்கு வியாஜ்ஜோ, துணிவுக்கு கொராஜ்ஜோ, செய்திக்கு மெஸ்ஸாஜ்ஜோ என்று குடும்பம் குடும்பமாகக் குடியேறியது. மகிழ்ச்சிக்கான ஜோயாவும் தோட்டத்துக்கான ஜார்தீனோவும் அந்த வழிதான். அயலார் என்பதற்கான ஃபொரெஸ்தியேரே என்ற சொல்கூட அயலிலிருந்து வந்ததே. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இத்தாலியர்களுக்கு இது ஒரு தாழ்வாகவே தோன்றவில்லை. தாந்தே தன் ஆசான் என்று போற்றிய புருனெத்தோ லத்தீனி தன் பெரிய அறிவுக் களஞ்சியத்தைப் பிரெஞ்சில் எழுதினார். 1298-இல் ஜெனோவாச் சிறையில் மார்க்கோ போலோ சொல்லச் சொல்ல, பீசாவின் ருஸ்திக்கெல்லோ எழுதிய பயணநூலும் இத்தாலியம் கலந்த பிரெஞ்சில்தான் உருவானது.

அரபு வரவைப் பற்றி ஒரு தனி நூலே எழுதலாம், எழுதியும் இருக்கிறார்கள். 827-இல் தொடங்கிய சிசிலிப் படையெடுப்பில் 831-இல் பலெர்மோ வீழ்ந்தது. 1072-இல் நார்மன்கள் பிடிக்கும்வரை அது முஸ்லிம் நகரம். அதற்கு முன்னும் பின்னும் வெனிஸ், ஜெனோவா, பீசா ஆகியவற்றின் கப்பல்கள் அலெக்சாந்திரியாவுக்கும் துனிசுக்கும் போய்வந்தன. சர்க்கரைக்கு ஸுக்கெரோ, பருத்திக்கு கொத்தோனே, குங்குமப்பூவுக்கு ஸாஃபெரானோ, கத்தரிக்காய்க்கு மெலன்ஸானா, எலுமிச்சைக்கு லிமோனே எல்லாம் அரபு கொடுத்தவை. சுங்கச்சாவடிக்கு தொகானா, கட்டண விகிதத்துக்கு தாரிஃபா, கிடங்குக்கு மகத்ஸீனோ, நாணயச்சாலைக்கு ஸெக்கா, கப்பல் கட்டும் தளத்துக்கு ஆர்செனாலே என்று வணிகத்தின் எலும்புக்கூடே அரபு. இஞ்சிக்கான ஸென்ஸெரோ வேறு வழியாக, லத்தீனும் கிரேக்கமும் பிராகிருதமும் தாண்டி வந்தது. அதன் வேரில் நம் இஞ்சியும் வேருமே இருக்கின்றன என்பது சொற்பிறப்பு அறிஞர்கள் பெரும்பாலோர் கருத்து.

தூய்மைவாதிகளிடம் ஒரு பழத்தைக் கொடுத்துத் தீர்ப்புக் கேட்க விரும்புகிறேன். ஆப்ரிகாட் பழத்துக்கு இத்தாலியில் அல்பிகோக்கா. ரோமானியர் அதை ‘முன்னதாகப் பழுப்பது’ என்ற பொருளில் ஒரு லத்தீன் சொல்லால் அழைத்தார்கள். கிரேக்கர் அதைக் காதால் கேட்டுத் தங்கள் பாணியில் ஒலித்தார்கள். கிரேக்கரிடமிருந்து அரபியர் வாங்கி முன்னால் ‘அல்’ சேர்த்தார்கள். அரபியரிடமிருந்து அது மறுபடி மேற்கே வந்து அல்பிகோக்கா ஆனது. இது சொந்தச் சொல்லா, வந்த சொல்லா? பிறந்த இடத்தைப் பார்த்தால் சொந்தம், வந்த வழியைப் பார்த்தால் அந்நியம். அபராதம் விதிக்கும் அதிகாரி எந்தப் பக்கம் எழுதுவார்?

அரபு கொடுத்ததிலேயே பெரியது, கண்ணுக்குத் தெரியாத ஒன்று. பீசாவின் லெயோனார்தோ, ஃபிபொனாச்சி என்று உலகம் அறிந்தவர், இன்றைய அல்ஜீரியாவின் கடற்கரை நகரமான பூஜியாவில் சிறுவயதில் கணக்குக் கற்றார். 1202-இல் எழுதிய தன் நூலில் இன்மையைக் குறிக்கும் அரபுச் சொல்லை லத்தீன் ஒலிக்கு ஏற்றவாறு ஸெஃபிரும் என்று எழுதினார். அது இத்தாலிய வாய்களில் தேய்ந்து ஸேரோ ஆனது. அதே அரபுச் சொல் இலக்கம் என்ற பொருளில் சிஃப்ராவாகவும் நின்றது. ஐரோப்பாவின் பல மொழிகள் ஜீரோ என்று சொல்வது இத்தாலியம் அரபிடம் கற்றுக்கொண்டு தேய்த்துக் கொடுத்த சொல்லை.

சரி, மீதமிருப்பது லத்தீன்தானே, அது பரம்பரைச் சொத்துதானே என்று கேட்கலாம். அதுவும் முழு உண்மை இல்லை. இந்த இடத்தில்தான் பழைய கதை மிகவும் பலவீனமாகிறது. இத்தாலியத்தில் உள்ள லத்தீன் சொற்களில் மிகப் பெரும் பகுதி வாய்வழி வந்ததல்ல. துறவிகளும் வழக்கறிஞர்களும் மருத்துவர்களும் புலவர்களும் பிற்காலத்தில் லத்தீன் ஏடுகளைத் திறந்து எடுத்துப்போட்டவை. ஒரே லத்தீன் சொல் இரண்டு உருவில் நிற்பதைப் பார்த்தால் இது தெளியும். வாய்வழி வந்த கோஸா ‘பொருள், விஷயம்’. ஏட்டிலிருந்து எடுத்த காவுஸா ‘காரணம், வழக்கு’. வாய்வழி வந்த ஆயா களத்துமேடு. ஏட்டு வழி வந்த ஆரெயா பரப்பளவு. வாய்வழி பியேவே என்பது கிராமத் திருச்சபை; ஏட்டு வழி பிளேபே என்பது பாமர மக்கள். இந்த இரண்டாவது வகை எல்லாம் கடன்தான். இறந்துபோன தாயிடம் வாங்கினாலும் கடன் கடனே. பதினெட்டாம் நூற்றாண்டுக்குப் பிறகு இந்தக் கடனில் கணிசமானது பாரிஸ் வழியாகவும் வந்தது. புரட்சி, அரசியல் சாசனம் என்பதற்கான சொற்களின் உடல் லத்தீன், ஆனால் இன்றைய அரசியல் பொருள் பிரான்ஸிலிருந்து வந்தது.

இப்போது தாந்தே. ஃபுளோரன்ஸ் பேச்சை அப்படியே எடுத்து மொழியாக்கியவர் என்று அவரை வணங்குகிறவர்கள், பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் லத்தீனில் எழுதி முடிக்காமல் விட்ட ‘தே வுல்காரி எலொகுவென்ஸியா’வை ஒருமுறையாவது படிக்க வேண்டும். இத்தாலியின் பதினான்கு வட்டாரப் பேச்சுகளை அதில் அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, ஒவ்வொன்றையும் தள்ளுகிறார். தன் சொந்த ஃபுளோரன்ஸின் பேச்சையும் தள்ளுகிறார். தங்கள் பேச்சுதான் உயர்ந்தது என்று நினைக்கும் தொஸ்கானியரை, ஃபுளோரன்ஸ் அடங்கிய வட்டாரத்தாரை, கடுமையாகச் சாடுகிறார். சிசிலியில் இரண்டாம் ஃபிரெடரிக்கின் அவையில் கவிதை எழுதியவர்களை அவர் மதித்த அளவு தன் ஊர்க்காரர்களை மதிக்கவில்லை. காவியத்திலும் அவர் செய்தது அதுதான். வெனிஸ்காரர்களின் கப்பல் தளத்தைச் சொல்லும்போது அவர்கள் வாயில் வழங்கிய அரபுச் சொல்லையே போடுகிறார். பொலோஞ்ஞாக்காரன் ஒருவன் வரும் இடத்தில் அந்த ஊரின் ‘ஆம்’ வருகிறது. ‘கழுவாய்’ பகுதியின் 26-ஆம் பாடலில் ஆர்னோ தானியேல் என்ற கவிஞன் எட்டு அடிகள் புரோவான்ஸ் மொழியிலேயே பேசுகிறான்; தாந்தே அதை மொழிபெயர்க்கவும் இல்லை. எதுவும் கிடைக்காத இடத்தில் அவரே புதிதாகச் சொல் செய்தார். நகரத்துக்குள் நுழைவதற்கு அவர் கையாண்ட இனுர்பார்சி இன்றும் அகராதியில் இருக்கிறது. இந்த மனிதரைத் தூய்மையின் காவலராக நிறுத்துவது அவருக்குச் செய்யும் அநியாயம்.

வேலி போட்டவர்கள் பின்னால் வந்தவர்கள். 1525-இல் பியெத்ரோ பெம்போ என்ற வெனிஸ்காரர், கவிதைக்குப் பெத்ரார்க்கா, உரைநடைக்கு பொக்காச்சோ, இவர்களைத் தாண்டாதே என்று இலக்கணம் வகுத்தார். அவருக்குத் தாந்தே போதிய அளவு நாகரிகமானவராகத் தெரியவில்லை. கரடுமுரடான சொற்களைப் போட்டுவிட்டார் என்ற குறை. 1583-இல் ஃபுளோரன்ஸில் உருவான குருஸ்கா அகாதமி 1612-இல் வெளியிட்ட அகராதி இந்த இலக்கணத்தின் கோட்டையானது. குருஸ்கா என்றால் தவிடு. மாவைச் சலித்துத் தவிட்டைத் தள்ளுவதுபோல் மொழியைச் சலிப்போம் என்று சல்லடை எந்திரத்தையே சின்னமாக வைத்துக்கொண்டார்கள். அந்தக் குருஸ்கா என்ற சொல்லே ஜெர்மானியம். சலிக்க வந்தவர்கள் தங்கள் வாசற்பலகையைச் சலித்திருந்தால் பெயரில்லாமல் போயிருப்பார்கள்.

அந்த அகராதி பெரிய உழைப்பு. ஐரோப்பாவின் மற்ற அகாதமிகள் அதைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டன. அதை மறுக்கவில்லை. ஆனால் அது எதை விட்டது என்பதையும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தின் மிகப் பெரிய கவிஞரான தொர்குவாத்தோ தாஸ்ஸோவை முதல் பதிப்பில் மேற்கோளுக்கே சேர்க்கவில்லை. 1691-இன் மூன்றாம் பதிப்பில்தான் அவருக்கு இடம் கிடைத்தது. கப்பல்காரனும் கொல்லனும் மருந்துக்கடைக்காரனும் நாள்தோறும் பேசிய சொற்கள் வெளியே நின்றன. 1764-இல் மிலானில் ‘இல் கஃபே’ என்ற இதழைத் தொடங்கிய இளைஞர்களில் ஒருவரான அலெஸ்ஸாந்த்ரோ வெர்ரி, குருஸ்கா அகராதியைத் துறப்பதாக ஒரு பத்திரத்தின் நடையிலேயே அறிக்கை எழுதினார். நல்ல கருத்தைச் சொல்ல உதவுமானால் பிரெஞ்சோ ஜெர்மனோ ஆங்கிலமோ துருக்கியோ அரபோ எந்தச் சொல்லையும் இத்தாலிய உருவில் எடுத்துக்கொள்வோம் என்பது அவருடைய வாதம். என் கட்சி அவர் கட்சிதான். குருஸ்காவின் ஐந்தாம் பதிப்பு 1863-இல் தொடங்கி அறுபது ஆண்டுகள் இழுத்து, 1923-இல் ஓ எழுத்தோடு நின்றுவிட்டது.

எதிர்த்தரப்பின் வலுவான ஆயுதம் ஒன்று உண்டு, அதைத் தவிர்க்கக் கூடாது. இத்தாலியத்தின் மிக அடிப்படையான சொற்கள் சுமார் 2000. அவற்றில் ஏறத்தாழ 90 விழுக்காடு பதினான்காம் நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே வழக்கில் இருந்தன என்று மொழியியலாளர் துல்லியோ தெ மவுரோ கணக்கிட்டார். இதைக் கையில் வைத்துக்கொண்டு, பார், மொழி கல்லாக நின்றிருக்கிறது என்கிறார்கள். அந்தக் கணக்கை நான் ஏற்கிறேன். ஆனால் 1400-இல் இருந்தது என்றால் லத்தீன் என்று பொருளா? குவெர்ராவும் பியாங்கோவும் மஞ்ஜாரேவும் ‘பார்ப்பது’ என்பதற்கான குவார்தாரேயும் செல்வந்தனுக்கான ரிக்கோவும் அந்த 90 விழுக்காட்டுக்குள்தான் இருக்கின்றன. வரவேண்டிய ஜெர்மானியர், அரபியர், பிரெஞ்சுக்காரர் எல்லாரும் தாந்தேக்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டார்கள். அந்தக் கணக்கு காட்டுவது கலப்பின் பழமையை.

அந்த நிலைத்தன்மைக்கு இன்னொரு காரணமும் உண்டு, அது அவ்வளவு பெருமைக்குரியதில்லை. 1861-இல் இத்தாலி ஒரே நாடானபோது, மக்களில் இத்தாலியம் பேசத் தெரிந்தவர்கள் 2.5 விழுக்காடு என்பதும் தெ மவுரோவின் மதிப்பீடுதான். அர்ரிகோ காஸ்தெல்லானி பின்னர் இதை மறுத்து, தொஸ்கானாவையும் ரோமையும் சேர்த்துப் பார்த்தால் பத்து விழுக்காட்டுக்கு அருகில் வரும் என்றார். எதை எடுத்துக்கொண்டாலும் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு அது வீட்டுமொழி இல்லை. மொழி ஏட்டில் படுத்துக் கிடந்ததால் மாறவில்லை. தெருவில் அதே நூற்றாண்டுகளில் வெனிஸும் நேப்பிள்ஸும் மிலானும் தங்கள் பேச்சில் சொற்களைக் காய்ச்சிக்கொண்டிருந்தன. உலகம் முழுவதும் தெரிந்த சாவ் என்ற வணக்கம் வெனிஸ் பேச்சு. ‘உமது அடிமை’ என்பதன் தேய்வு. கெத்தோ, காஸெத்தா, லகூனா ஆகியவையும் வெனிஸ் தந்தவை. மொத்ஸரெல்லா நேப்பிள்ஸ். ரிஸோத்தோ மிலான். குருஸ்காவின் சல்லடை இவற்றுக்கு எந்த உதவியும் செய்யவில்லை.

பாசிசம் இந்தத் தூய்மைக் கதையைக் கையில் எடுத்தபோது என்ன நடந்தது என்பது ஆவணமாகவே இருக்கிறது. 1940 டிசம்பர் 23-ஆம் தேதிச் சட்டம் கடைப் பலகைகளிலும் விளம்பரங்களிலும் அயல்மொழிச் சொல்லைத் தடை செய்தது. மாற்றுச்சொல் பட்டியல் தயாரிக்க அரச அகாதமிக்கு உத்தரவு போனது. 1938-இல், மரியாதைக்குச் சொல்லும் ‘லேய்’ ஸ்பானிய அடிமைத்தனத்தின் எச்சம் என்று ஒதுக்கி ‘வோய்’ சொல்லும்படி கட்டளையிட்டார்கள். லேய் என்ற பெயரில் பெண்கள் பத்திரிகை ஒன்று இருந்தது. அங்கே அந்தச் சொல்லுக்குப் பொருள் ‘அவள்’ மட்டுமே. இருந்தாலும் அது பெயரை அன்னாபெல்லா என்று மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. அந்தக் காலத்தில் மக்கள் ஏற்றுக்கொண்ட சில மாற்றுச்சொற்கள் அறிஞர் புரூனோ மில்லியோரினி முன்மொழிந்தவை: ஓட்டுநருக்கு அவுதிஸ்தா, இயக்குநருக்கு ரெஜிஸ்தா. முதலாவதில் இருப்பது கிரேக்கம், இரண்டாவது பிரெஞ்சு வேரில் முளைத்தது. பார், ஃபில்ம், ஸ்போர்ட் என்பவை சட்டத்துக்கு அசையவே இல்லை. அதே மில்லியோரினி 1960-இல் வெளியிட்ட இத்தாலிய மொழி வரலாறு, நூற்றாண்டு நூற்றாண்டாக எந்தெந்த நாட்டிலிருந்து எந்தெந்தச் சொல் வந்தது என்று பொறுமையாகக் கணக்கு வைத்த நூல். தூய்மைக் கதைக்கு அதைவிடப் பெரிய மறுப்பு இல்லை.

ஆங்கிலம் வேறு மாதிரி என்பார்கள். பழைய கடன்கள் இத்தாலிய ஒலியில் கரைந்தன, இவை கரையாமல் மிதக்கின்றன என்பது குற்றச்சாட்டு. இதில் பாதி உண்மை உண்டு. லாங்கோபார்துச் சொல் காது வழியாக வந்தது, எழுதத் தெரியாதவன் தன் நாக்குக்கு ஏற்ப வளைத்துக்கொண்டான். ஆங்கிலச் சொல் திரையிலும் தாளிலும் எழுத்து வடிவமாக வருகிறது. எழுத்தைப் பார்த்துவிட்டவன் வளைக்கத் தயங்குகிறான். ஆனால் வினை என்று வந்துவிட்டால் இன்றும் இத்தாலியம் தன் வேலையைச் செய்கிறது. கிளிக்காரே, சாத்தாரே, போஸ்தாரே என்று ஒவ்வொன்றையும் தன் முதல் வாய்பாட்டில் உட்காரவைத்து, எல்லாக் காலத்துக்கும் எல்லா இடத்துக்கும் விகுதி போட்டு ஓட்டுகிறது. வினை வாய்பாடு உயிரோடு இருக்கும் மொழி சாகவில்லை. ஃபுளோரன்ஸின் பெருமையான கரிச்சுட்ட மாட்டிறைச்சித் துண்டுக்குப் பெயர் பிஸ்தேக்கா அல்லா ஃபியொரெந்தீனா. பிஸ்தேக்கா என்பது ஆங்கிலத்தின் பீஃப்ஸ்டேக். பெம்போவும் குருஸ்காவும் கொண்டாடிய நகரத்தின் அடையாள உணவு ஆங்கிலப் பெயரில் இருக்கிறது. யாருக்கும் அது உறுத்தவில்லை.

இரத்தம் பார்க்கும் முறையையே கடைசிவரை கொண்டுபோனால் என்ன ஆகும்? கம்ப்யூட்டர் என்பது லத்தீன் வேரில் கிளம்பி பிரெஞ்சு, ஆங்கிலம் என்று சுற்றி வந்த சொல். இத்தாலியில் எண்ணுவதற்குச் சொல்லும் கொந்தாரேயும் அதே வேர்தான். மீடியா, போனஸ், ஸ்பான்சர், டியூட்டர் எல்லாம் தாய்வழியில் லத்தீன். ஆக, இரத்தம்தான் அளவுகோல் என்றால் கம்ப்யூட்டர் உள்ளே வரும், இத்தாலியத் தாய் முத்தமிடும் குவான்ச்சா வெளியே போகும். இந்த முடிவை எந்தத் தூய்மைவாதியும் ஏற்கமாட்டார். அப்படியானால் அவர் அளக்கும் கோல் இரத்தம் இல்லை, வந்த தேதிதான். நேற்று வந்தது அந்நியம், மறந்துபோகும் அளவுக்கு முன்னால் வந்தது சொந்தம். ராம்பெல்லியின் கட்சி ஆட்சிக்கு வந்த 2022-இல் தொழில்துறை அமைச்சகத்துக்கு வைத்த புதிய பெயரில் ‘மேட் இன் இத்தாலி’ என்ற ஆங்கிலத் தொடர் இருக்கிறது. அதை எடுக்கச் சொல்லி யாருக்கும் நோட்டீஸ் போகவில்லை. குருஸ்கா அகாதமியின் தலைவராக அப்போது இருந்த கிளாவ்தியோ மராத்ஸினிகூட அபராத யோசனையை ஆதரிக்கவில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். நானூறு ஆண்டு அனுபவம் அந்த நிறுவனத்துக்கு ஏதோ கற்றுக்கொடுத்திருக்கிறது.

ஆங்கிலத்தை எதிர்ப்பவர்களிடம் நியாயமான ஒரு கோபம் உண்டு. தொழிலாளர் சட்டத் திருத்தத்துக்கு ‘ஜாப்ஸ் ஆக்ட்’ என்றும், அரசுச் செலவுக் குறைப்புக்கு ‘ஸ்பெண்டிங் ரிவ்யூ’ என்றும் பெயர் வைத்து, வேலை போகப் போகிறவனுக்கும் மருத்துவமனை மூடப்படப் போகிற ஊருக்கும் விஷயம் புரியாமல் செய்வது தவறு. அந்தக் கோபத்தில் எனக்கும் பங்குண்டு. ஆனால் அந்தத் தவறு மறைப்பில் இருக்கிறது, ஆங்கிலத்தில் இல்லை. பேருந்தில் ஏறும் கிழவியைப் பயணச்சீட்டில் முத்திரை குத்தச் சொல்ல, இத்தாலியப் போக்குவரத்துக் கழகங்கள் ஒப்லித்தெராரே என்ற சொல்லைப் பலகையில் எழுதிவைத்தன. கலப்பில்லாத லத்தீன். முத்திரை குத்து என்பதற்கு எல்லாரும் பேசும் திம்பிராரே பக்கத்திலேயே இருக்கிறது.

1965-இல் எழுத்தாளர் இத்தாலோ கால்வினோ ஒரு நாளிதழில் எழுதிய கட்டுரை இந்த அலுவலக நடையைப் பற்றியதுதான். ஒருவன் காவல் நிலையத்தில் வாக்குமூலம் கொடுக்கிறான்: விடியற்காலை அடுப்பு மூட்ட நிலவறைக்குப் போனேன், கரிப் பெட்டிக்குப் பின்னால் மதுக் குடுவைகள் இருந்தன, இரவுச் சாப்பாட்டோடு குடிக்க ஒன்றை எடுத்தேன். தட்டச்சு செய்கிற காவலர் அதை வெப்ப அமைப்பை இயக்குதல், எரிபொருள் கொள்கலன், திராட்சைமது உற்பத்திப் பொருட்களின் ஓர் அளவு என்று மாற்றி எழுதுகிறார். அந்த மனிதன் சொன்ன குடுவைக்கு இத்தாலியத்தில் ஃபியாஸ்கோ, ஜெர்மானியர் கொண்டுவந்த சொல். காவலர் தட்டச்சு செய்த கொள்கலனும் எரிபொருளும் அளவும் உற்பத்தியும் லத்தீன் குடும்பத்துச் சொற்கள். ராம்பெல்லியின் மசோதாப்படி அந்தக் காவலருக்கு ஒரு யூரோகூட அபராதம் கிடையாது. அந்தத் தட்டச்சு நடையைத் தடுக்கும் மசோதா ஒன்று வருமானால், அரசு அலுவலகம் குடிமகனிடம் அவன் பேசும் சொல்லில்தான் பேச வேண்டும் என்று கட்டாயப்படுத்துமானால், அதை நான் முழு மனதோடு ஆதரிப்பேன். அந்தச் சொல் பாவியாவிலிருந்து வந்ததா, பலெர்மோவிலிருந்து வந்ததா, லண்டனிலிருந்து வந்ததா என்று கேட்கமாட்டேன்.